"அது கணக்கு சித்தி": பின்னமும் தசமமும் பிள்ளைங்களுக்கு ஏன் வரமாட்டேங்குது?

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறேன்.)

வழக்கமா இங்க கோடிங், இன்டர்வியூ, வேலை மாறுறதுனு பேசுவேன். இன்னைக்கு வேற விஷயம். ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளைங்களுக்கு வர்ற பின்னக் கணக்கும் தசமக் கணக்கும். அதுலயும் வெறும் கூட்டல், பெருக்கல் இல்ல. நாலு வரி கதை மாதிரி கொடுத்துட்டு "எனில், எவ்வளவு?"னு கேப்பாங்களே, அந்த வாக்கியக் கணக்கு. வீட்ல அந்த வயசுல பிள்ளை இருந்தா ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்து வச்சுக்கோங்க.

எங்க வீடு திருமுல்லைவாயில். அக்கா வீடு ஆவடி. அக்கா பொண்ணு ஏழாவது படிக்கிறா. ஒரு ஞாயித்துக்கிழமை அக்கா அவளைக் கூட்டிட்டு வந்து, "நீ இன்ஜினியர்தானே, இவளைக் கொஞ்சம் பாரு"னு விட்டுட்டுப் போயிட்டா. கையில கணக்கு டெஸ்ட் பேப்பர். 40-க்கு 11.

பேப்பரைப் புரட்டிப் பார்த்தா எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. 2/3 + 1/4 கேட்டிருக்காங்க, 11/12-னு சரியா போட்டிருக்கா. 3/5 × 10/9 கேட்டிருக்காங்க, அடிச்சு சுருக்கி 2/3-னு எழுதியிருக்கா. செய்முறை எல்லாம் தெரியுது. தப்பு எல்லாமே வாக்கியக் கணக்குல. முதல் கணக்கு இது: ஒரு கேனில் 20 லிட்டர் தண்ணீர் உள்ளது, அதில் 3/4 பங்கு பயன்படுத்தப்பட்டது எனில், மீதமுள்ள தண்ணீர் எவ்வளவு?

அவ எழுதினது: 20 − 3/4 = 19 1/4 லிட்டர். ஸ்கேல் வச்சு விடைக்குக் கட்டம் கூடப் போட்டிருக்கா.

நானும் எல்லாரும் செய்யுறதைத்தான் செஞ்சேன். "பாப்பா, 'அதில் இவ்வளவு பங்கு'னு வந்தா பெருக்கணும்"னு சொல்லி, போட்டுக் காட்டினேன். தலையை ஆட்டினா. சரின்னு இன்னொரு கணக்கு கொடுத்தேன். 2 லிட்டர் பால் இருக்கு, அதில் 3/4 லிட்டர் காபிக்கு எடுத்தாச்சு, மீதி எவ்வளவு? இந்தத் தடவை அவ பெருக்கினா. ஒன்றரை லிட்டர்னு விடை. ஏன்னா "அதில்"னு வந்துச்சே!

அப்போ சமையல்கட்டுல தண்ணி கேன் இருந்துச்சு. நான் பேப்பரை ஓரமா வச்சுட்டுக் கேட்டேன். "பாப்பா, 20 லிட்டர் கேன்ல முக்கால்வாசி தீர்ந்துடுச்சுனு வச்சுக்க. இன்னும் எவ்வளவு இருக்கும்?"

யோசிக்கவே இல்ல. "அஞ்சு லிட்டர் சித்தி. கேன்காரருக்கு நாளைக்கே போன் பண்ணணும்."

நான் பேப்பரை எடுத்துப் பக்கத்துல வச்சேன். "அப்ப இங்க என்ன 19 1/4-னு எழுதியிருக்க?"

கொஞ்ச நேரம் பார்த்தா. அப்புறம் சொன்னா, "அது கணக்கு சித்தி."

அந்த ஒரு பதில்தான் இந்த எபிசோட். அவளைப் பொறுத்தவரைக்கும் தண்ணி கேன் ஒரு உலகம், கணக்கு இன்னொரு உலகம். கணக்குல 20 லிட்டர்ல முக்கால் பங்கு போய் 19 1/4 மிஞ்சலாம். அங்க யாரும் தண்ணி குடிக்கப் போறதில்ல.

கப்பல் கேப்டனுக்கு என்ன வயசு?

இது எங்க வீட்டுப் பிரச்சினைன்னு நினைச்சேன். தேடிப் பார்த்தா உலகம் முழுக்க இருக்கு. பிரான்சுல கிரெனோபிள்ங்கிற ஊர்ல 1980-ல ஒரு ஆய்வுக் குழு தொடக்கப்பள்ளிப் பிள்ளைங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க. ஒரு கப்பல்ல 26 செம்மறி ஆடும் 10 வெள்ளாடும் இருக்கு. கேப்டனோட வயசு என்ன?

இதுக்கு விடையே கிடையாதுனு நமக்குத் தெரியுது. ஆனா 97 பிள்ளைங்கள்ல 76 பேர் கொடுத்த எண்களை வச்சு ஏதோ ஒரு விடையைக் கணக்குப் போட்டு எழுதிட்டாங்க. அந்தப் பிள்ளைங்க முட்டாள் இல்ல. ஸ்கூல்ல கேள்வினு ஒண்ணு வந்தா அதுக்கு விடை இருக்கும், கொடுத்த ரெண்டு நம்பரையும் வச்சு ஏதாவது செஞ்சா விடை வந்துடும்னு பழகிப் போயிருக்காங்க. இத்தனை வருஷ அனுபவத்துல அது பெரும்பாலும் வேலையும் செஞ்சிருக்கு.

இதுக்கு நேர் எதிரான ஒண்ணையும் பார்க்கலாம். பிரேசில்ல ரெசிஃபேங்கிற ஊர்ல தெருவுல தேங்காய், எலுமிச்சை விக்கிற பிள்ளைங்க அஞ்சு பேரை வச்சு நுனெஸ், ஷ்லீமன், கேரஹர்னு ஆய்வாளர்கள் ஒரு ஆய்வு செஞ்சாங்க. 1985-ல வெளியானது. வாடிக்கையாளர் மாதிரி போய் வாங்கினப்போ அந்தப் பிள்ளைங்க 98 சதவீதம் சரியா கணக்குச் சொன்னாங்க. அப்புறம் அதே மாதிரி கணக்குகளை வெறும் எண்களா பேப்பர்ல எழுதிக் கொடுத்தப்போ 37 சதவீதம்தான் சரி.

நம்ம நாட்டுலயும் பார்த்திருக்காங்க. கொல்கத்தா, டெல்லி மார்க்கெட்டுகள்ல வேலை செய்யுற 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைங்களை வச்சு செஞ்ச ஆய்வு 2025-ல 'நேச்சர்' இதழ்ல வந்துச்சு. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ எல்லாம் அந்தக் குழுவுல இருந்தாங்க. கடையில மனக்கணக்காவே கில்லாடியா இருந்த பிள்ளைங்க பாடப்புத்தக வடிவத்துல கேட்டா தடுமாறினாங்க. பக்கத்து ஸ்கூல்ல படிச்ச பிள்ளைங்க அப்படியே தலைகீழ். பாடப்புத்தகக் கணக்கு வந்துச்சு, கடைக் கணக்கு வரல.

ரெண்டு பக்கமும் அறிவு இருக்கு, நடுவுல பாலம்தான் இல்ல. அதனால பயிற்சினா இன்னும் அம்பது கணக்குப் போட வைக்கிறது மட்டும் போதாது. பிள்ளை கேன்ல இருந்து பேப்பருக்கும், பேப்பர்ல இருந்து கேனுக்கும் போய் வரக் கத்துக்கணும்.

அரைக்கால், காலே அரைக்கால்

இந்தப் பாலம் நம்ம மொழிக்குள்ளயே ஓரளவு இருக்குனு அப்புறம்தான் தெரிஞ்சுது. 3/4-ஐ நம்ம பிள்ளைங்க எப்படிப் படிக்கிறாங்க? "த்ரீ பை ஃபோர்." தமிழ் மீடியத்துலயும் நிறைய பேர் "மூணு பை நாலு"தான். அது காதுல ரெண்டு தனித்தனி நம்பரா விழுது. தமிழ்ல ஒழுங்கா படிச்சா "நான்கில் மூன்று". அதாவது முதல்ல நாலா பிரி, அதுல மூணு எடு. என்ன செய்யணும்னு வரிசையாவே சொல்லுது. வீட்ல பிள்ளை பின்னக் கணக்குப் போடும்போது ஒரு வாரம் இப்படி மட்டும் படிக்க வச்சுப் பாருங்க. எங்க பாப்பாவுக்கு இது நல்லா உதவுச்சு.

பழைய தமிழ் பின்னப் பேர்களை எடுத்துக்கிட்டா இன்னும் சுவாரசியம். அரைக்கால்னா என்ன? காலில் அரை. 1/2 × 1/4 = 1/8. பேருக்குள்ளயே ஒரு பெருக்கல் இருக்கு. காலே அரைக்கால்னா கால் கூட அரைக்கால், 1/4 + 1/8 = 3/8. இது கூட்டல். இருபதில் ஒண்ணு மா, எண்பதில் ஒண்ணு காணி. ரெண்டையும் சேர்த்தா மாகாணி. இப்போ 1/20 + 1/80 போட்டுப் பாருங்க. 4/80 + 1/80 = 5/80, அதாவது 1/16. மாகாணின்னா பதினாறில் ஒண்ணுதான்! ஏழாவது வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல கூட்டல் கணக்கு கிடைக்குமா தெரியல. அதுக்கும் கீழ 320-ல் ஒண்ணு முந்திரி. நாலு முந்திரி ஒரு காணி, நாலு காணி ஒரு மா, அஞ்சு மா ஒரு கால்.

திண்ணைப் பள்ளிக்கூடத்துல எண்சுவடினு இந்த வாய்ப்பாடுகளைப் பிள்ளைங்க மனப்பாடமா சொல்லணும். நெல் அளக்கிறது, நிலம் அளக்கிறது, கூலி கொடுக்கிறது எல்லாமே இந்தப் பின்னங்கள்ல நடந்துச்சு. பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துல வேலை செஞ்ச ஆய்வாளர் செந்தில் பாபு இதைப் பத்தி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கார். "அந்தக் காலம் பொற்காலம்"னு நான் சொல்ல வரல. அந்தத் திண்ணையில பெண் பிள்ளைங்களுக்கும் தலித் பிள்ளைங்களுக்கும் பெரும்பாலும் இடம் இல்ல. என்னையும் பாப்பாவையும் உள்ள விட்டிருக்க மாட்டாங்க. ஆனா படிச்ச பின்னமும் வெளிய புழங்கின பின்னமும் ஒரே பேர்ல இருந்துச்சுங்கிறது கவனிக்க வேண்டிய விஷயம்.

காசுலயும் அப்படித்தான் இருந்துச்சு. ஒரு ரூபாய்க்கு 16 அணா. கால் ரூபாய் நாலணா, அரைக்கால் ரூபாய் ரெண்டணா, மாகாணி ரூபாய் ஒரு அணா. 1957 ஏப்ரல் 1-ல நயா பைசா வந்து, ரூபாய்க்கு 100 பைசான்னு ஆச்சு. தசம முறை கணக்குக்கு ரொம்ப சுலபம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா பைசாவும் இப்போ கையில இல்ல. 25 பைசா நாணயம் 2011 ஜூன் மாசத்தோட செல்லாமப் போச்சு. இன்னைக்கு ஏழாவது படிக்கிற பிள்ளை அதுக்கப்புறம் பிறந்தது. அதுகிட்ட போய் "2 ரூபாய் 5 பைசாவை தசமத்தில் எழுது"னு கேட்டா, அது பார்த்தே இராத ஒரு பொருளைப் பத்திக் கேக்குறோம். பெட்டிக்கடையில கூட யுபிஐதான்.

அப்பாவும் மூன்றரை நூலும்

எங்க அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல முப்பது வருஷத்துக்கு மேல லேத்துல டர்னரா இருந்தவர். சின்னச் சின்ன பட்டறைங்கதான். அதே எஸ்டேட்ல இன்னைக்கு ஐடி பார்க் எல்லாம் வந்துடுச்சு, நான் வேலை பாக்குறது அதுல ஒண்ணுல. அவர் சைக்கிள்ல போன ரோட்டுலதான் நான் ஷேர் ஆட்டோவுல போறேன்.

அன்னைக்கு நாங்க தண்ணி கேனை வச்சு மல்லுக்கட்டிட்டு இருந்தப்போ அவர் டிவி பாத்துட்டு இருந்தார். "தாத்தாகிட்ட கேளு"னு பாப்பாகிட்ட சொன்னேன். அவர் திரும்பாமயே, "எனக்குக் கணக்கு வராதும்மா, தெரியாதா?"னு சொன்னார். இதை நான் சின்ன வயசுல இருந்து கேட்டுட்டே இருக்கேன். அவர் ஒன்பதாவதுல கணக்குல ஃபெயில் ஆகி, அதோட ஸ்கூலை விட்டவர். "உனக்கெல்லாம் கணக்கு ஏறாது"னு யாரோ சொன்னதை அப்படியே நம்பிட்டார்.

நான் எழுந்து போய் அவரோட பழைய டூல் பெட்டியை எடுத்துட்டு வந்தேன். உள்ள இன்ச் ஸ்பேனர் செட். தரையில பரப்பி வச்சு, "அப்பா, ஒரு நட்டுக்கு அரை இன்ச் ஸ்பேனர் போட்டா லூசா இருக்கு. 3/8 போட்டா ஏறல. எதை எடுப்பீங்க?"னு கேட்டேன்.

"7/16" அப்படினார். டிவியில இருந்து கண்ணை எடுக்கல.

"எப்படி?"

"3/8-னா மூணு நூல். அரை இன்ச் நாலு நூல். நடுவுல மூன்றரை நூல். அதான் 7/16."

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். ஒரு இன்ச்சுல எட்டுல ஒரு பங்கு ஒரு நூல். தச்சர், கொத்தனார், பட்டறைக்காரங்க எல்லாருக்கும் இந்த அளவு தெரியும். கட்டடத்துக்குக் கம்பி வாங்கும்போது மூணு நூல் கம்பி, நாலு நூல் கம்பினுதான் கேப்பாங்க. அப்பா அந்த ஒரு வரியில செஞ்சதை பாடப்புத்தகத்துல எழுதினா, 3/8-ஐயும் 1/2-ஐயும் 16 பகுதியா மாத்தி, 6/16, 8/16, நடுவுல 7/16-னு மூணு ஸ்டெப் வரும். அது சமான பின்னம், பின்னங்களை ஒப்பிடுதல். அவர் ஃபெயில் ஆன பாடமும் இதுதான்.

பாப்பா ஸ்பேனரை ஒவ்வொண்ணா எடுத்து வரிசை கட்டினா. 5/16, 3/8, 7/16, 1/2, 9/16. "தாத்தா, 9/16 எத்தனை நூல்?" "நீ சொல்லு." "நாலரை!" அப்பா டிவியை ஆஃப் பண்ணிட்டுக் கீழ வந்து உக்காந்துட்டார்.

அப்புறம் அவர் ஒரு கதை சொன்னார், எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். ஒரு பட்டறையில புதுசா சேர்ந்த பையன். டிராயிங்ல ஷாஃப்டோட விட்டம் 25.5 மில்லிமீட்டர். அவன் அதை 25.05-னு எடுத்துக்கிட்டு நாற்பது பீஸ் கடைஞ்சு வச்சுட்டான். ரெண்டுக்கும் வித்தியாசம் 0.45, அரை மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் கம்மி. பெருசா இருந்தா திரும்பக் கடையலாம், சின்னதாப் போனதை ஒண்ணும் செய்ய முடியாது. நாற்பதும் ஸ்க்ராப். பையனோட சம்பளத்துல பிடிச்சாங்க. அடுத்த மாசம் அவன் வேலைக்கு வரல. "அவனுக்கு வேலை நல்லாத்தான் வந்துச்சு. புள்ளிக்கு அப்புறம் சைபர் வந்தா என்ன அர்த்தம்னு யாரும் அவனுக்குப் புரியுற மாதிரி சொல்லல"னார்.

புள்ளிக்கு அந்தப் பக்கம்

தசமத்துல பிள்ளைங்க செய்யுற தப்பு பெரும்பாலும் இந்த வகைதான். புள்ளியை ஒரு வேலி மாதிரி நினைக்கிறாங்க. இந்தப் பக்கம் ஒரு முழு எண், அந்தப் பக்கம் இன்னொரு முழு எண். அதனால 3.10, 3.9-ஐ விடப் பெருசு, ஏன்னா 10, 9-ஐ விடப் பெருசு. இதுல எங்க துறையும் குற்றவாளிதான். சாஃப்ட்வேர் வெர்ஷன்ல 3.9-க்கு அப்புறம் 3.10 வரும், பைத்தான் அப்படித்தான் வந்துச்சு. அங்க அந்தப் புள்ளி தசமப் புள்ளியே கிடையாது.

கிரிக்கெட்டும் அப்படித்தான். ஸ்கோர்ல 4.3 ஓவர்னு போட்டா நாலு ஓவர் மூணு பந்து. ஓவருக்கு ஆறு பந்து, அதனால உண்மையில அது நாலரை ஓவர், 4.5. ரன் ரேட் போடணும்னா 4.5-ஆல வகுக்கணும். 36 ரன் அடிச்சிருந்தா ஓவருக்கு 8. 4.3-ஆல வகுத்தா தப்பு வரும். நேரமும் அப்படித்தான். 1.5 மணி நேரம்னா ஒரு மணி அம்பது நிமிஷமும் இல்ல, ஒரு மணி அஞ்சு நிமிஷமும் இல்ல, ஒன்றரை மணி நேரம்.

இந்த மூணையும் பிள்ளைங்ககிட்ட ஒண்ணா வச்சுக் கேளுங்க. "இங்க புள்ளி என்ன சொல்லுது?" இந்தக் கேள்விக்கு அஞ்சு நிமிஷம் வாக்குவாதம் நடந்தா, பத்து தசமக் கழித்தல் போட்டதுக்குச் சமம். பைசாவுக்குப் பதிலா அவங்க தொடுற தசமத்தை எடுங்க. காய்கறிக் கடை எலக்ட்ரானிக் தராசுல 0.750, போன்ல ஒரு நாளைக்கு 1.5 ஜிபி, காய்ச்சல் வந்தா தெர்மாமீட்டர்ல 100.4.

எங்க வீட்டுப் பயிற்சி

இப்போ ஞாயித்துக்கிழமை காலையில மொட்டை மாடியில பாப்பாவோட சேர்த்து பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க நாலு பேர் வர்றாங்க. நான் டீச்சர் கிடையாது, டீச்சர் வேலையை விமர்சிக்கவும் வரல. ஒரு வகுப்புல நாற்பது பிள்ளைங்களை வச்சுக்கிட்டு இதையெல்லாம் செய்யுறது எவ்வளவு கஷ்டம்னு அஞ்சு பேரை வச்சே தெரிஞ்சுக்கிட்டேன். எங்களுக்கு வேலை செஞ்சதை மட்டும் சொல்றேன்.

முதல் விஷயம், கதையைச் சொல்லு. கணக்கைப் படிச்சதும் புத்தகத்தை மூடிட்டு, நம்பர் இல்லாம என்ன நடந்துச்சுன்னு சொந்த வார்த்தையில சொல்லணும். "கேன்ல தண்ணி இருந்துச்சு, நிறைய செலவாகிடுச்சு, கொஞ்சம்தான் மிச்சம்." இதைச் சொல்ல முடிஞ்சா பாதிக் கணக்கு முடிஞ்சுது.

ரெண்டாவது, குத்துமதிப்பா ஒரு விடை. பேனாவைத் தொடுறதுக்கு முன்னாடி, தோராயமா எவ்வளவு வரும்னு சொல்லணும். அமெரிக்காவுல 1978-ல நடந்த தேசிய மதிப்பீட்டுத் தேர்வுல 13 வயசுப் பிள்ளைங்ககிட்ட 12/13 + 7/8 தோராயமா எவ்வளவுன்னு கேட்டாங்க. ரெண்டுமே ஒண்ணுக்குப் பக்கத்துல இருக்கிற பின்னம், கூட்டினா கிட்டத்தட்ட 2. சரியா சொன்னது 24 சதவீதம்தான். பாதிக்கு மேல 19 அல்லது 21-னு சொன்னாங்க, மேல உள்ளதைக் கூட்டினா 19, கீழ உள்ளதைக் கூட்டினா 21. குத்துமதிப்பு சொல்லிப் பழகின பிள்ளை, 19 1/4-ஐ எழுதினதும் நின்னு யோசிக்கும்.

மூணாவது, படம். நீளமா ஒரு கட்டம் போட்டுப் பிரிக்கிறது. இது எதுக்கு உதவும்னா, "மீதியில்"னு ஒரு வார்த்தை வர்ற கணக்குக்கு. ஒருத்தருக்குச் சம்பளம் 24,000. அதுல 1/3 பங்கு வாடகை. மீதியில் 1/4 பங்கு ஸ்கூல் ஃபீஸ். கையில எவ்வளவு? நிறைய பேர் 1/3 + 1/4 = 7/12-னு கூட்டி, 10,000 மிச்சம்னு எழுதுவாங்க. கட்டம் போட்டா தெரியும். வாடகை 8,000 போனதும் மீதி 16,000. அதை நாலா பிரிச்சா ஃபீஸ் 4,000. கையில 12,000. அந்த "மீதியில்"ங்கிற ஒரு சொல்லுக்கு இங்க 2,000 ரூபாய் மதிப்பு.

நாலாவது, இரட்டைக் கணக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரே மாதிரி தெரியுற ரெண்டு கணக்கைப் பக்கத்துல பக்கத்துல வைக்கணும். "20 லிட்டரில் 3/4 பங்கு செலவு", "20 லிட்டரில் 3/4 லிட்டர் செலவு". என்ன வித்தியாசம்னு பிள்ளை சொல்லணும், போடக்கூட வேண்டாம். முதல் நாள் நான் சொல்லிக் கொடுத்த குறுக்குவழி எங்க உடையுதுன்னு அவங்களே கண்டுபிடிச்சுடுவாங்க.

அஞ்சாவது, வகுத்தா ஏன் ஏறுது? 6 மீட்டர் துணி இருக்கு. ஒரு பிளவுஸுக்கு 3/4 மீட்டர். எத்தனை தைக்கலாம்? 6 ÷ 3/4 = 8. "வகுத்தா குறையணுமே, எப்படி சித்தி எட்டு வந்துச்சு?"னு பாப்பா சண்டைக்கு வந்தா. தலைகீழா மாத்திப் பெருக்குங்கிற விதியைச் சொல்லி வாயை அடைச்சிருக்கலாம். அதுக்குப் பதிலா ஒரு நூல்கயிறை 6 சாணா எடுத்து, முக்கால் சாணா வெட்டினோம். எட்டுத் துண்டு வந்துச்சு. ஒரு துண்டு ஒரு சாணுக்குக் கம்மி, அதனால ஆறைவிட அதிகமா கிடைக்குதுன்னு அவளே சொன்னா.

கடைசியா, பிள்ளைங்களே கணக்கு எழுதணும். வாரத்துக்கு ஒண்ணு, வீட்ல நடந்ததை வச்சு. இதுல தப்பான கணக்கும் வரும், கேப்டன் வயசு மாதிரி விடையே இல்லாததும் வரும். "இதுக்கு விடை சொல்ல முடியாது, இந்த விவரம் இல்ல"னு ஒரு பிள்ளை சொல்ற அன்னைக்கு நாங்க அதுக்குத் தனியா ஒரு ஸ்டார் போடுவோம்.

பாப்பா அடுத்த டெஸ்ட்ல 40-க்கு 40 எல்லாம் எடுக்கல. 23 எடுத்தா. ஒரு கணக்குல விடை தப்பு. ஆனா ஓரத்துல பென்சில்ல "இது இவ்வளவு வராது, எங்கேயோ தப்பு"னு எழுதியிருந்தா, நேரம் பத்தல போல. எனக்கு அந்த ஒரு வரி போதும்னு தோணுச்சு. ப்ரோக்ராம் எழுதுறவங்களுக்குத் தெரியும், பக் இருக்குன்னு தெரியுறதே பாதி வேலை.

அப்பா இப்போ ஞாயித்துக்கிழமை எங்களுக்கு முன்னாடியே மாடிக்குப் போயிடுறார். டூல் பெட்டியோட. போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன், "தாத்தா, நீங்க கணக்கு வாத்தியாரா?"னு கேட்டான். அவர் இல்லன்னும் சொல்லல, ஆமான்னும் சொல்லல. "அந்த 7/16-ஐ எடு"னார்.

சரி, இந்த வாரத்துக்கு ஒரு கணக்கு. வீட்ல 3 கிலோ தோசை மாவு அரைச்சாச்சு. அதுல 1/4 பங்கு வீட்டுக்கு. மீதியை 0.75 கிலோ பாக்கெட்டா போட்டா எத்தனை பாக்கெட் வரும்? உங்க வீட்டுப் பிள்ளைகிட்ட கொடுங்க. ஆனா பேனாவைக் கொடுக்குறதுக்கு முன்னாடி கதையைக் கேளுங்க, குத்துமதிப்பைக் கேளுங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்கு வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க. சரியான விடையைவிட, எப்படி யோசிச்சாங்கங்கிறதுதான் எனக்கு வேணும். அடுத்த எபிசோட்ல பேசலாம்.